கூமுட்டைச் சீட்டு

ஜனவரி 4

சம்பந்தியம்மாவுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசைமேல் கிடந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். கோர்ட்டில் முப்பது வருடம் அடுத்தவர் சண்டையை டைப் அடித்த உங்களுக்கு அது சிரமமாக இருக்காது.

உங்கள் மகள் போன வியாழக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மகனிடம் மட்டும் ஒரு கவரைக் கொடுத்து, "உங்கம்மாகிட்ட நீங்களே காட்டுங்க. காட்டினப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க" என்றாளாம். அவன் காட்டவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மூன்று நாள் வெல்டிங் பட்டறைக்குப் போய்வந்தான். சட்டையைத் துவைக்க எடுத்தபோது நான்தான் கண்டுபிடித்தேன்.

உள்ளே ஒரு லேப் காகிதம். எழுத்து புரியவில்லை. எண்கள் புரிந்தன. அவனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எண்ணிக்கை கம்மிம்மா. எனக்குத்தான் குறை." முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, இரும்பை இரும்போடு ஒட்டவைக்கிறவன், பத்து வயதுப் பையனைப் போல் சொன்னான்.

காகிதத்தில் இருந்த தேதியையும் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தையது. அப்படியானால் இரண்டு வருடத்துக்கு முன்பே உங்கள் ஊர் லேபுக்கு அவனைக் கூட்டிப்போய், கையில் பாட்டிலைக் கொடுத்து ஒரு அறைக்குள் அனுப்பியிருக்கிறீர்கள். பெற்றவளுக்குத் தெரியாமல்.

என் மகளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் முத்து. மூத்தவள் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவள். என் மகள் பிறந்த அதே வயிற்றில் பிறந்தவன்தான் இவனும். எங்கள் வம்சத்தில் குறை என்று எழுதிய காகிதம் தப்பு. பெயர் மாறி யாருடையதோ வந்திருக்கிறது. உங்கள் மகளைத் திரும்பி வரச் சொல்லுங்கள். வந்து, அந்தக் காகிதம் தப்பு என்று என் மகனிடம் அவள் வாயால் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகனைப் பெற்றவள்


ஜனவரி 11

அம்மா அவர்களுக்கு,

தங்கள் ஜனவரி 4ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. வட்டம் போடவில்லை. போடுவதென்றால் முழுக் கடிதத்தையும் சுற்றித்தான் போட வேண்டும்.

தாங்கள் எழுதாமல் விட்டவற்றை நான் எழுதுகிறேன். திருமணமாகி ஆறு வருடம். முதல் நான்கு வருடம் என் மகளை மட்டுமே சோதித்தார்கள். ரத்தம், ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே, வயிற்றில் துளைபோட்டுக் கருவி விட்டு ஒரு பரிசோதனை. எல்லாவற்றிலும் அவள் தேறினாள். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் தாங்கள் கேட்டது ஒரே கேள்வி: "இந்தத் தடவையாச்சும் என்ன குறைன்னு கண்டுபிடிச்சாங்களா?"

தங்கள் மகளின் கைக்குழந்தையை அவள் தூக்கியபோது, "பால் கக்கிடப் போறான், குடு" என்று வாங்கிக்கொண்டீர்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் அவளைப் பார்த்து, "எங்க வீட்ல ஒரு கூமுட்டை அடைக்கு உக்காந்திருக்கு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்களாம். அவளும் சிரித்தாளாம். அப்போது அந்த அறிக்கை அவள் கைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை.

அறிக்கையில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன். ஒரு மில்லியில் ஒன்றரைக் கோடி உயிரணு இருந்தால் குறையில்லை. மாப்பிள்ளைக்கு நான்கு லட்சம். அதில் நீந்துபவை நூற்றுக்கு ஐந்து. ஒரு தடவை அல்ல, மூன்று மாத இடைவெளியில் இரண்டு தடவை எடுத்தார்கள். இரண்டிலும் பெயர் சரியாகவே இருந்தது.

இதற்கு வழி இருக்கிறது. மனைவிக்கு ஊசிபோட்டு ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரவைத்து, வெளியே எடுத்து, லேபில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஒரு உயிரணுவை மெல்லிய கண்ணாடி ஊசியால் செலுத்துகிறார்கள். கோடி தேவையில்லை. முட்டைக்கு ஒன்று போதும். அது உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 9 அன்று அவளுக்கு ஊசி தொடங்குகிறது. 20ஆம் தேதி வாக்கில் முட்டை எடுப்பார்கள். அன்று காலை மாப்பிள்ளை இங்கே இருக்க வேண்டும். அவளுக்கு முப்பத்தாறு வயது. முட்டை இருப்பு குறைந்துகொண்டே வருகிறது, இனி தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்களிடம் நான் கேட்பது உதவி அல்ல. அவரைத் தடுக்காமல் இருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளைப் பெற்றவள்


ஜனவரி 17

டைப்பம்மாவுக்கு,

மிஷினில் அடித்து அனுப்பியிருக்கிறீர்கள். கோபத்தைக்கூட கைப்பட எழுத மாட்டீர்களா? வீட்டுக்குக் கடிதம் வந்ததும் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து என் மகன் வெளுத்துப்போனான்.

குழந்தையை வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கினேன். இல்லை என்று சொல்லவில்லை. கூமுட்டை என்றும் சொன்னேன். என் வாய் அப்படி. பொரிப்பகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவளுக்கு வாயில் முட்டைதான் வரும்.

ஆனால் உங்களை ஒன்று கேட்கிறேன். அறிக்கை வந்து இரண்டு வருடம் ஆகிறது. சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேனா இல்லையா? ஏன் சொல்லவில்லை? என் மகனைக் கேட்டேன். "அத்தைதான் வேணாம்னாங்க" என்றான். "ஆம்பளைக்கு அவமானம், உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும், இவ பொறுத்துக்குவா" என்று சொன்னது நீங்கள். உங்கள் மகளின் வாயைத் தைத்தது என் கை இல்லை, டைப்பம்மா. இதையும் மிஷினில் அடித்து ஃபைலில் போட்டு வையுங்கள்.

இப்போது லேப் விஷயம். நீங்கள் லேபை நம்புகிறீர்கள், ஏனென்றால் நீங்கள் காகிதத்தோடு வாழ்ந்தவர். நான் இன்குபேட்டரோடு வாழ்ந்தவள். இருட்டு அறையில் நின்று, ஏழாம் நாள் முட்டையை ஒவ்வொன்றாக விளக்கின்மேல் வைத்துப் பார்ப்பேன். கரு இருந்தால் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்பு தெரியும், நடுவில் ஒரு புள்ளி. ஒன்றுமில்லாமல் விளக்கு வெளிச்சம் அப்படியே தெரிந்தால் அது கூமுட்டை, தனித் தட்டுக்குப் போகும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பார்த்திருக்கிறேன். பண்ணையில் என்னை வெளிச்சக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அங்கேயே தட்டு மாறியிருக்கிறது. இறைச்சிக்கோழிக் குஞ்சுகள் நாலாயிரம், முட்டைக்கோழி வளர்க்கிறவருக்குப் போய்விட்டன. ஆறு வாரம் கழித்துத்தான் அந்த ஆளுக்கே தெரிந்தது. எல்லாத் தட்டிலும் எண் ஒட்டியிருந்தது, கையெழுத்தும் இருந்தது. எங்களுடையது கோழி, போனால் போகிறது. இது மனிதக் குழந்தை. ஊசியால் குத்தி வைப்பது யாருடையது என்று யார் கண்டது? அவசரத்தில் பக்கத்துப் பாட்டிலை எடுத்துவிட்டால்? என் மகனிடம் உயிரில்லை என்று பார்த்து, யாரோ கோடி வைத்திருக்கிறவனுடையதை விட்டுவிட்டால்?

ஒரு நிபந்தனை. என் மகன் வருவதென்றால் நானும் வருவேன். பாட்டில் அவன் கையைவிட்டதிலிருந்து லேப் மேசைக்குப் போகும்வரை என் கண்ணைவிட்டு நகரக் கூடாது. சம்மதமா, சொல்லுங்கள்.

மருமகனைப் பெற்றவள்


ஜனவரி 24

அம்மா அவர்களுக்கு,

சம்மதம் இல்லை.

பெயர் மாறாமலிருக்க அங்கே இருவர் நிற்கிறார்கள். ஒருவர் பாட்டிலைத் தொட்டால் மற்றவர் பெயரையும் எண்ணையும் சத்தமாகப் படிக்கிறார். ஒவ்வொரு படியிலும் இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். தாங்கள் மூன்றாவது ஆளாக நிற்க அங்கே இடமில்லை. அந்தக் காலை என் மகள் மயக்க மருந்தில் இருப்பாள். கண் விழித்ததும் அவள் முதலில் பார்க்கும் முகம் தங்களுடையதாக இருக்க வேண்டாம்.

அவளை வாய்மூடச் சொன்னது நான்தான். அதை இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தங்கள் நினைவூட்டல் தேவையில்லை.

தங்கள் கடிதத்தில் ஒன்றைத் தாங்களே எழுதித் தந்ததால் கேட்கிறேன். தங்கள் வேலையைப் பற்றி என் மகள் முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறாள். திருமணமான புதிதில் அவளைப் பொரிப்பகத்துக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகச் சுற்றிக்காட்டினீர்களாம். கூமுட்டைத் தட்டு நிறைந்தால் ஒரு ரோஸ் சீட்டு எழுதிப் பண்ணைக்கு அனுப்புவீர்களாம். எந்தக் கோழிக்கூட்டம், நூற்றுக்கு எத்தனை கூமுட்டை, காரணம், மாற்ற வேண்டியது என்று அதில் நான்கு கட்டங்களாம். கடைசிக் கட்டத்தில் எப்போதும் ஒரே சொல்லைத்தான் எழுதுவீர்களாம். "என்ன அத்தை எழுதறீங்க?" என்று இவள் கேட்டபோது, சிரித்துக்கொண்டே, "சேவல்னு எழுதறேன். பெட்டைக்கோழி முட்டையப் போட்டுட்டாளே, அவ வேலை முடிஞ்சுது. வெறுமையா வந்தா சேவலைத்தான் மாத்துவாங்க" என்றீர்களாம்.

முப்பத்தொரு வருடம் சேவல் என்று எழுதிய கை. தங்கள் வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கைக்கு எழுத்து மறந்துவிட்டதா?

தங்கள் மருமகளைப் பெற்றவள்


பிப்ரவரி 2

என் வேலையை என் வீட்டுக்குள் இழுக்காதீர்கள்.

கோழி வேறு, மனிதர் வேறு. சேவலை மாற்றலாம். மகனை மாற்ற முடியாது.

உங்கள் கடிதத்தை அவன் கண்ணில் படாமல் கிழித்துப்போட்டேன். அப்புறம் குப்பையிலிருந்து எடுத்து ஒட்டினேன். ஏன் ஒட்டினேன் என்று கேட்காதீர்கள்.

அவன் வரமாட்டான். நான் தடுக்கவில்லை, அவனேதான் பேசாமல் இருக்கிறான். ராத்திரி பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறான். போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறான். இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.


பிப்ரவரி 12

அம்மா அவர்களுக்கு,

ஊசி தொடங்கி நான்கு நாள் ஆகிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு அவளே வயிற்றில் குத்திக்கொள்கிறாள். நான் குத்துகிறேன் என்றேன். "நீ கடிகாரத்தைப் பாரும்மா, போதும்" என்கிறாள். தொப்புளைச் சுற்றி நீல நீலமாக இருக்கிறது. இன்றைய ஸ்கேனில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினொரு நீர்க்குமிழ் வளர்கிறது என்றார்கள். இந்த வயதுக்கு இது நல்ல எண்ணிக்கையாம்.

முட்டையை எடுத்த அன்றைக்கே உயிரணு கிடைக்க வேண்டும். மாப்பிள்ளை வராவிட்டால் முட்டைகளை அப்படியே உறைய வைக்கலாம். ஆனால் உறைந்து மீளும்போது எத்தனை தேறும் என்று சொல்ல முடியாதாம். இருப்பதே கொஞ்சம். இன்னொரு முறை இப்படி ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இதுதான்மா கடைசி. அவர் வரலைன்னா எனக்கும் அவருக்கும் இதோட சரி."

இது மிரட்டல் அல்ல. அவள் சொன்னதைத் தட்டச்சு செய்திருக்கிறேன். தங்கள் நிபந்தனைக்குச் சம்மதம் இல்லை என்று எழுதியிருந்தேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். பிப்ரவரி 20, காலை ஏழரை மணி, மருத்துவமனை மூன்றாவது மாடி. யாரோடு வேண்டுமானாலும் வரட்டும். வந்தால் போதும்.

தங்கள் மருமகளைப் பெற்றவள்


பிப்ரவரி 16

வருகிறோம். இரண்டு பேரும்.

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை நான் ஒளிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தான். சாப்பிடாமல் எழுந்துபோய்ப் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டான்.

நீங்கள் வரியைத் திரும்பப் பெற்றது நல்லது. பாட்டில் என் கையில்தான் இருக்கும். முட்டை வண்டியில் எத்தனை ஆயிரம் உயிரைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். எனக்கு நீங்கள் ஒன்றும் சொல்லித் தர வேண்டாம்.

வெளிச்சக்காரம்மா


பிப்ரவரி 22

அம்மா அவர்களுக்கு,

இரண்டு நாளாகத் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிட்டால் கோபம் அடங்கும் என்பது என் பழக்கம். இது அடங்குமா தெரியவில்லை.

எட்டு மணிக்கு என் மகளை உள்ளே கொண்டுபோனார்கள். எட்டேகாலுக்கு மாப்பிள்ளை கையில் பாட்டிலைக் கொடுத்து, நடைக் கடைசியில் இருந்த அறைக்கு அனுப்பினார்கள். தாங்கள் அந்த அறைக்கு நேர் எதிர் நாற்காலியில், மடியில் பையோடு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தீர்கள். நான் இந்தப் பக்கம் வரச் சொன்னேன். "கண்ணைவிட்டு நகரக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்ல" என்றீர்கள். கால் மணி நேரம் கழித்துக் கதவைத் தட்டினீர்கள். "முடிஞ்சுதாப்பா? எல்லாரும் காத்திருக்காங்க." நடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு உலகத்தில் எந்த ஆணாலும் அந்த அறையில் ஒன்றும் செய்ய முடியாது. வெறும் பாட்டிலோடு வெளியே வந்தார். லேப் பெண் நல்லவள். "வீடு பக்கத்தில இருந்தா அங்க போய் எடுத்துட்டு வாங்க சார். ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடணும், சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுட்டு வாங்க" என்றாள். என் வீடு இருபது நிமிடம். சாவியைக் கொடுத்தேன். தாங்களும் வண்டியில் ஏறினீர்கள்.

திரும்பி வந்தபோது பாட்டில் அவர் சட்டைக்குள் இல்லை. தங்கள் பையிலிருந்து ஒரு சின்ன ஐஸ்பெட்டியை எடுத்தீர்கள். அதற்குள் இரண்டு ஐஸ்கட்டிப் பொட்டலத்துக்கு நடுவில், துணியில் சுற்றி, பாட்டில். ஊரிலிருந்தே அந்தப் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். வழியில் ஐஸ் வாங்கியிருக்கிறீர்கள். லேப் பெண்ணிடம் தலைநிமிர்ந்து, "பாருங்க, ஒரு குலுக்கல் இல்ல, ஒரு சூடு இல்ல" என்றீர்கள்.

அவள் தொட்டுப் பார்த்து, "யாரும்மா இதைக் குளிர வச்சது?" என்று கேட்ட குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. அரை மணி நேரம் நுண்ணோக்கியில் பார்த்தாள். வெளியே வந்து, "ஒண்ணுகூட அசையலை" என்றாள்.

உள்ளே தட்டில் ஒன்பது முட்டை காத்திருந்தன. என் மகளுக்கு அரை மயக்கம். "வந்தாராம்மா? குடுத்துட்டாராம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "குடுத்துட்டார்" என்றேன். முன்பு அவளை மறைக்க வைத்தேன், இப்போது அவளிடமே மறைத்தேன். தங்களால்.

அதன்பிறகு நடந்தது எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். இன்னொரு தடவை முயலச் சொல்லி லேப் பெண் கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். தாங்கள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். பத்து நிமிடம் தாங்கள்தான் பேசினீர்கள். அவர் ஒரு தடவை திரும்பித் தங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்த மகனிடமும் பார்த்ததில்லை. பிறகு எழுந்தார், என்னைத் தாண்டிப் போய், "இன்னொரு பாட்டில் குடுங்க" என்றார். தாங்கள் படியிறங்கி வெளியே போய்விட்டீர்கள். மாலைவரை மேலே வரவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு இரண்டாவது பாட்டில் கிடைத்தது. அதில் நீந்துபவை மிகக் குறைவு. ஆனால் இருந்தன. முதிர்ந்த முட்டை ஏழு, ஏழுக்கும் ஏழு உயிரணுவைத் தேடியெடுத்துச் செலுத்தினார்கள். நேற்றுக் காலை நான்கு கருவாகியிருந்தது. 25ஆம் தேதி ஒன்றை உள்ளே வைப்பார்கள்.

தங்களை மன்னிக்க நான் இதை எழுதவில்லை. படிக்கட்டில் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று தெரிய வேண்டும். அவர் சொல்ல மறுக்கிறார். இங்கே வந்ததிலிருந்து வாசற்கதவின் துருப்பிடித்த கீலைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறார்.

மருமகளைப் பெற்றவள்


மார்ச் 1

சம்பந்தியம்மா,

பொரிக்கப் போகிற முட்டையைக் குளிரில்தான் வண்டியேற்றுவோம். பதினெட்டு டிகிரிக்குமேல் போனால் உள்ளே இருக்கிற உயிர் அரைகுறையாக விழித்துக்கொண்டு, வழியிலேயே செத்துவிடும். குளிரில் தூங்கும், இன்குபேட்டர் சூட்டில்தான் எழும்பும். முப்பத்தொரு வருடம் அதுதான் சட்டம். அந்த லேபிலும் இன்குபேட்டர் இருக்கிறது என்று எழுதிப் போட்டிருந்ததைப் படித்தேன். அப்புறம் நான் யாரைக் கேட்க வேண்டும்? உடம்போடு ஒட்டி வைக்கச் சொன்னதை அவன் சொன்னான். "சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்" என்று நான்தான் பிடுங்கிப் பெட்டியில் வைத்தேன். அவன் கொடுத்துவிட்டான். அவன் எப்போதும் கொடுத்துவிடுவான்.

படிக்கட்டில் சொன்னதைக் கேட்கிறீர்கள். உங்களுக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது. எழுதுகிறேன்.

அவனுக்குப் பதினைந்து வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் வீங்கிச் சரியானது. ஒரு வாரம் கழித்துக் கீழே வீங்கியது. நடக்க முடியாமல் அழுதான். டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிலருக்கு இது பின்னாடி பிள்ளைப்பேறைப் பாதிக்கும்மா. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே நாலாகக் கிழித்தேன். அவன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவனிடம் வெறும் காய்ச்சல் என்றேன். உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்து உட்கார்ந்தபோது என் தொண்டைவரை வந்தது. நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள், குடித்தேன், உள்ளே போய்விட்டது.

உங்கள் மகளைக் கூமுட்டை என்று சொன்ன அன்றைக்கு எனக்குத் தெரியும். நம் இரண்டு வீட்டிலும் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்திருந்தேன். யாராவது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று எல்லோரையும் அவள் பக்கம் திருப்பிவிட்டேன். நீங்கள் சேவலைப் பற்றி எழுதிய கடிதத்தைக் கிழித்து ஒட்டினேன் அல்லவா, அது இதனால்தான்.

படிக்கட்டில் இதைத்தான் சொன்னேன். அவன் கேட்டான்: "அப்ப இது நான் ஏதோ கெட்டதா நடந்ததால வந்தது இல்லையா? பட்டறைச் சூடு, சிகரெட்டு, அப்படி ஒண்ணும் இல்லையா?" இரண்டு வருடம் அவன் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். "இல்லப்பா. பதினஞ்சு வயசுல வந்த காய்ச்சல். மறைச்சது நான்" என்றேன். அப்போதுதான் அவன் அப்படிப் பார்த்தான். நீங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தீர்கள், நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பிறகு சொன்னான்: "நீ இந்த மாடியில இருக்கக் கூடாது. இந்தக் கட்டடத்துலயே இருக்கக் கூடாது. போய் எங்கயாவது டீ குடி." போனேன். எதிர்க் கடையில் ஏழு டீ குடித்தேன்.

கைவசம் பழைய சீட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு ரோஸ் சீட்டை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். நான்கு கட்டத்தையும் நிரப்பியிருக்கிறேன். உங்கள் மகளிடம் கொடுங்கள். அவள் கிழித்துப் போட்டாலும் சரி.

கோழிக்கூட்டம்: எங்கள் வீடு.
கூமுட்டை: ஆறு வருடம்.
காரணம்: பெட்டைக்கோழி அல்ல. சேவலும் அல்ல.
மாற்ற வேண்டியது: வெளிச்சம் பார்த்தவளை.


மார்ச் 24

சம்பந்தியம்மாவுக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். முப்பது வருடமாகக் கையெழுத்தைத் தவிர எதையும் கையால் எழுதியதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

சீட்டையும் உங்கள் கடிதத்தையும் அவளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "பதினஞ்சு வயசுலயா?" என்று மட்டும் மாப்பிள்ளையைக் கேட்டாள். அன்று இரவு இருவரும் அறையில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. பாதி சண்டை மாதிரி, பாதி வேறு மாதிரி. மறுநாள் சீட்டு குப்பைத் தொட்டியில் இல்லை. ஸ்கேன் ஃபைலின் முதல் பக்கத்தில் இருந்தது.

நீங்கள் செய்ததை நான் மறக்கமாட்டேன். பெண் கேட்க வந்த அன்று சொல்லியிருந்தால் நான் பெண் கொடுத்திருக்கமாட்டேன் என்பதும் உண்மை. அப்படி நடந்திருந்தால் இன்று என் மகளுக்கு இந்தக் கீல் மாற்றுகிற மனிதர் கிடைத்திருக்கமாட்டார் என்பதும் உண்மை. இரண்டையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனை சரியாக வந்ததை மாப்பிள்ளை சொல்லியிருப்பார். நேற்று முதல் ஸ்கேன். விளக்கை அணைத்தார்கள். இருட்டு அறை, ஒரே ஒரு வெளிச்சம். உங்கள் நினைவு வந்தது, வேண்டாமென்று நினைத்தும் வந்தது. திரையில் முதலில் ஒன்றுமில்லாத கறுப்பு. பிறகு ஒரு ஓரத்தில் அரிசி மணி அளவு வெள்ளை, அதன் நடுவில் ஒரு புள்ளி. அது துடித்தது. சிவப்பு நரம்பு தெரியவில்லை, எல்லாம் கறுப்பு வெள்ளைதான். "இன்னும் ஆறு வாரம் ஜாக்கிரதை, இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அடுத்த ஸ்கேன் ஏப்ரல் 7, காலை பத்து மணி. உங்களைக் கூப்பிடச் சொன்னது நான் அல்ல, அவள். "அத்தை ஒரு தடவை பார்க்கட்டும்மா. பத்தாயிரம் பார்த்தவங்க" என்றாள். வந்தால் ஒரு ஓரமாக நிற்க வேண்டும். எதிலும் கைவைக்கக் கூடாது. ஐஸ்பெட்டி வேண்டாம்.


மார்ச் 30

சம்பந்தியம்மா,

எழுத்து கோணல்தான். வட்டம் போடவில்லை.

வருகிறேன். ஓரமாக நிற்பேன், கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், வாயையும் கட்டிக்கொள்ளப் பார்க்கிறேன். அவள் என்னிடம் பேசாவிட்டாலும் நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

ஆனால் ஒன்று. விளக்கை அணைத்ததும், உள்ளே உயிர் இருக்கிறது என்று டாக்டருக்கு முந்திச் சொல்லப்போவது நான்.

வெளிச்சக்காரம்மா